செயின் தளர்வைச் சரிசெய்வது எப்படி: கடலோரம் ஓடும் பைக்குகளுக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பைக்குகளின் பின்சக்கரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் செயின் மீது விழுந்துகொண்டிருக்கும். இணைப்புகள் செங்கல் நிறத்தில் துருவேறி, மடங்கிய இடத்தில் மடங்கியபடியே விறைத்து நிற்கும். மீன் ஏற்றாத வண்டிகளும் இங்கே தப்புவதில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, செயினில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும் பசையாகிவிடுகிறது. ஆகவே, செயினைக் கவனிக்கக் கையேடு சொல்லும் இடைவெளியை இந்தப் பகுதியில் பாதியாகக் குறைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

1950களில் புல்லட் தொழிற்சாலை எழுந்த திருவொற்றியூரில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. இருந்தும், செயின் சத்தம் போட்டால் உடனே இறுக்கிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியையும் ஒரு பட்டறையில் அப்படித்தான் விரலால் அசைக்க முடியாத அளவுக்கு இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது, ஆனால் சில வாரங்களில் முன் ஸ்பிராக்கெட்டின் (செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்) பின்புறம் ஆயில் கசியத் தொடங்கி, பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கான காரணம் எளிமையானது. வண்டி பள்ளத்தில் விழுந்து, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது; முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்மின் மூட்டு, பின் ஆக்சில் (சக்கர அச்சு) ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நிலையில் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த இழுப்புக்கு இடம்கொடுக்கவே தளர்வு வைக்கப்படுகிறது. தளர்வு இல்லையென்றால், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடை ஏறும் ஒவ்வொரு முறையும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டே அந்தச் சுமையை வாங்குகிறது. அதற்காக அளவுக்கு மீறித் தொங்கவிடுவதும் ஆபத்துதான். அப்படித் தொங்கும் செயின் பல்லிலிருந்து கழன்று, ஓடும் வண்டியின் சக்கரத்தைப் பூட்டிவிடலாம்.

அளப்பதற்கு முன் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓட, கியரில் சக்கரம் சுழல, துணியால் செயினைத் துடைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. துணி சிக்கிய கணத்தில் விரல் போய்விடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வண்டியின் கையேடு சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கச் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். செயின் முழுவதும் கவரால் மூடப்பட்ட வண்டிகளில் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் செயின் தெரியும்.

கீழ்ப்பக்கச் செயினில், இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் நடுவில் ஒரு ஸ்கேலை நிமிர்த்திப் பிடியுங்கள். செயினை விரலால் கீழே அழுத்தி ஒரு அளவும், மேலே தள்ளி ஒரு அளவும் எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தளர்வு. அன்றாடம் ஓட்டும் சிறிய பைக்குகள் பலவற்றில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ பார்த்து, அதையே பின்பற்றுங்கள். பலர் தவறுவது இதற்கடுத்த படியில்தான். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கால் சுற்றுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் விறைப்பாக நிற்கும். தளர்வை எப்போதும் மிக விறைப்பாக உள்ள இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால், விறைப்பான இடம் வரும்போது பேரிங் மீது பாரம் ஏறிவிடும்.

இனி ஸ்பேனரை எடுக்கலாம். ஆக்சில் நட்டில் கொண்டை ஊசி போன்ற பின் இருந்தால் அதை உருவிவிட்டு, நட்டைச் சற்றே தளர்த்துங்கள். முழுவதும் கழற்றத் தேவையில்லை. டிரம் பிரேக் தகட்டை ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் கம்பி உள்ள வண்டிகளில் அதன் நட்டையும் தளர்த்த வேண்டும். பிறகு சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் இருபக்க அட்ஜஸ்டர்களின் லாக் நட்டுகளைத் தளர்த்தி, இடப்பக்கம் கால் திருகு, வலப்பக்கம் அதே கால் திருகு என்று மாறி மாறித் திருகிச் செல்லுங்கள். ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளில், அட்ஜஸ்டரின் குறி இருபுறமும் ஒரே எண்ணிக்கையிலான கோட்டில் நிற்க வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் சக்கரம் கோணலாக நின்று, ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேயும். கோடுகளை மட்டும் நம்பாமல், வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, செயின் நேராக ஓடுகிறதா என்று நானும் பார்த்துக்கொள்வதுண்டு. அளவுக்கு மேல் இறுகிவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் மட்டும் போதாது. சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

ஆக்சில் நட்டை முறுக்கும்போது சக்கரம் லேசாக நகர்ந்து தளர்வு மாறுவது வழக்கம் என்பதால், முறுக்கி முடித்த பின் இன்னொரு முறை அளந்தே தீர வேண்டும். லாக் நட்டுகளைப் பூட்டி, கழற்றிய பின்னுக்குப் பதில் புதியது ஒன்றைச் செருகுங்கள். அதன் விலை சில ரூபாய்தான். சக்கரம் பின்னால் நகர்ந்திருப்பதால் டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பெடலில் கையேடு சொல்லும் விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இருக்கிறதா, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோல் கூடாது; தீ அபாயம் ஒருபுறம், ஓ-ரிங் வைத்த செயினாக இருந்தால் அந்த ரப்பர் வளையங்களும் கெட்டுவிடும். இரும்புக் கம்பி பிரஷும் அந்த வளையங்களுக்கு எதிரி. உலர்ந்த துணியால் துடைத்தபின், 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் விட்டுக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் சுழலும் வேகத்தில் எண்ணெய் உள்ளிருந்து வெளிநோக்கிப் பரவும். வேலை முடிந்து வீடு திரும்பியதும், செயின் சூடாக இருக்கும்போது விட்டு, இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் மிஞ்சியதைத் துடைத்துவிடுவது சிறந்தது. பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் உலோகத் துகள்கள் மிதக்கின்றன. பல கையேடுகள் 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் விடச் சொல்கின்றன. நான் 250 கி.மீ.க்கு ஒருமுறை விடுகிறேன். மழைநாளில் வியாசர்பாடி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீரில் இறங்கி வந்தால், கணக்குப் பார்க்காமல் அன்றிரவே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

செயினோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு வாரம் ஒருமுறை பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவை, வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் சிறிது விளையாட்டு இருக்க வேண்டும்.

எவ்வளவு சரிசெய்தும் வாரத்துக்கு வாரம் செயின் தொங்கினால், பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அளவாகவே பார்க்க விரும்பினால், 428 வகைச் செயினில் ஓர் இணைப்பின் நீளம் 12.7 மி.மீ.; இழுத்துப் பிடித்த 20 இணைப்புகள் 254 மி.மீ. இருக்க வேண்டும், 259 மி.மீ.யை எட்டினால் மாற்றிவிடுங்கள். செயினை மட்டும் மாற்றினால், கொக்கி போல வளைந்த பழைய பற்கள் புதியதையும் விரைவில் தின்றுவிடும் என்பதால், இரு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்து செட்டாகவே வாங்குங்கள். பூட்டும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். புதிய செயின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் நீளும். அதற்குள் ஒருமுறை ஸ்கேலை எடுத்து மீண்டும் அளந்துவிடுங்கள்.