கேமரா சென்சாரில் தூசி: துடைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, வானத்தில் விளிம்பு மங்கிய சாம்பல் நிற வட்டம் ஒன்று எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் தெரிந்து, லென்ஸை மாற்றிய பிறகும் அங்கேயே இருந்தால், அது சென்சார் தூசி என்று கொள்ளலாம். உண்மையில் தூசி படிவது ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாரின் மேல் அல்ல; அதற்கு முன்னால் உள்ள மெல்லிய வடிகட்டிக் கண்ணாடியின் மேல். இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பதால், லென்ஸின் திறப்பு அகலமாக உள்ள எஃப்/2.8இல் பரவிக் கரைந்துவிடும் தூசியின் நிழல், திறப்பு குறுகிய எஃப்/16இல் திட்டாக விழுகிறது.

சோதித்துப் பார்க்காமலே துடைக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. உள்ளே ஆடி கொண்ட கேமராவான டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) தெரியும் தூசி படத்தில் பதிவாவதில்லை. அதற்காகச் சென்சாரைத் தொட வேண்டியதே இல்லை. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) மிகக் குறைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப்/16 அல்லது எஃப்/22இல் வைத்து, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவர் ஒன்றைக் கேமராவை லேசாக அசைத்தபடி படமெடுங்கள். சுவரின் கறைகள் அசைவில் கலைந்துவிடும், தூசி மட்டும் நிற்கும். லென்ஸ் சென்சாரில் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்வதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை முன்பக்கமிருந்து பார்க்கும் உங்களுக்குக் கீழ் இடது மூலையில் இருக்கும். இதை அறியாமல் தவறான மூலையையே திரும்பத் திரும்பத் துடைப்பவர்கள் பலர்.

வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி தெறித்தால், வெறும் காற்றிலேயே போயிருக்கக்கூடிய தூசி, ஈரத் துடைப்பு தேவைப்படும் கறையாகிவிடும். அழுத்தக் காற்று அடைத்த டப்பாக்கள் அதைவிட ஆபத்தானவை, ஏனெனில் அவற்றிலிருந்து குளிர்ந்த திரவமும் சேர்ந்து பீய்ச்சப்படலாம். கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரே போதும். அதையும் முதலில் வெளியே இரண்டு மூன்று முறை அமுக்கி உள்ளிருக்கும் தூசியை வெளியேற்றிவிட்டு, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, முனையை உள்ளே நுழைக்காமல் ஊத வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் இந்த வேலையை பேட்டரி முழுதாக இருக்கும்போது, மெனுவிலுள்ள சென்சார் சுத்தம் செய்யும் அமைப்பின் வழியாகவே செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு துடைப்பவரின் விரல் பொத்தானிலிருந்து ஒரு கணம் விலகினாலே, கேமராவின் ஆடியும் ஷட்டரும் ஸ்வாபின் (சென்சார் துடைப்பானின்) மேல் விழும்.

ப்ளோயருக்கு அசையாத எண்ணெய்ப் புள்ளிக்கு மட்டுமே ஈரத் துடைப்பு. பஞ்சுக் குச்சியும் லென்ஸ் துணியும் இதற்கு உதவா. பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகல ஸ்வாப் என்று சென்சாரின் உயரத்துக்கு ஏற்றதை வாங்கி, சென்சாருக்கென விற்கும் திரவத்தில் ஓரிரு துளி மட்டும் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்து, மறுபக்கத்தால் ஒருமுறை திரும்பி வந்ததும் அதை எறிந்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் கஞ்சத்தனம் கூடாது: ஒருமுறை துடைத்த ஸ்வாபில் ஒட்டியிருக்கும் மணல் துகள் ஒன்று, அடுத்த இழுப்பில் கண்ணாடியைக் கீறிவிடலாம்.

முடிந்ததும் அதே சுவரை மீண்டும் படமெடுத்துப் பாருங்கள். ஓரத்தில் எஃப்/22இல் மட்டும் தெரியும் சிறு புள்ளி ஒன்று மிஞ்சியிருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு லென்ஸைப் பொருத்திவிடலாம்.