கொல்ப் பக்கிக்கு லைட்டும் ஹோர்னும்: மலைநாட்டில் 12 வோல்ட் வயரிங்

நுவரெலியாவில் பகலிலேயே மூடுபனி இறங்கி வழியை மறைத்துவிடும். ஹோட்டல் வளவிலோ கொல்ப் மைதானத்திலோ ஓடும் பக்கிக்கு ஹெட்லைட், பின்லைட், ஹோர்ன் மூன்றும் கட்டாயம் வேண்டும். கடையில் கிடைக்கும் சாமான் எல்லாம் 12 வோல்ட். பக்கி ஓடுவதோ 36 அல்லது 48 வோல்ட்டில். அந்த 12 வோல்ட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வயரிங் கெட்டுப்போகிறது.

சீட்டைத் தூக்கி, வரிசையில் இருக்கும் ஒரு பெட்டரியிலிருந்தோ இரண்டிலிருந்தோ வயர் இழுப்பது பரவலான வழக்கம். அதைச் செய்யாதீர்கள். லைட் எரியும், ஆனால் அந்தப் பெட்டரி மட்டும் மற்றவற்றைவிட அதிகம் இறங்கும். சார்ஜர் ஒவ்வொரு பெட்டரியாகப் பார்ப்பதில்லை. மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும். அதனால் இறங்கிய பெட்டரி முழுதாக நிரம்பாமல் நின்று தகடுகளில் சல்பேட் படிகிறது, மற்றவை அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகி தண்ணீரை இழக்கின்றன. கடைசியில் ஒரு பெட்டரிக்காக முழு செட்டையும் மாற்ற வேண்டி வரும். ஆறு 8 வோல்ட் பெட்டரி உள்ள பக்கியில் இன்னொரு சிக்கல்: இரண்டைச் சேர்த்தால் 16 வோல்ட், பல்ப் அடிபட்டுப் போகும். லிதியம் பேக் என்றால் செல்களுக்கு நடுவில் கையே வைக்கக் கூடாது. பேக்கின் வெளி டெர்மினல் இரண்டில் மட்டுமே பூட்டுங்கள். உள்ளே பிஎம்எஸ்ஸுக்கு (செல்களைக் காக்கும் மின்பலகைக்கு) முன்னால் உள்ள நெகட்டிவில் பூட்டினால் அதன் பாதுகாப்பு இந்த வயருக்குக் கிடைக்காது.

சரியான வழி, முழு செட்டின் கடைசி பொசிட்டிவிலும் கடைசி நெகட்டிவிலும் இருந்து எடுத்து, டிசி கன்வேர்ட்டர் வழியாக 12 வோல்ட்டாகக் குறைப்பது. கன்வேர்ட்டர் வாங்கும்போது "48 வோல்ட்" என்று எழுதியிருந்தால் போதாது, அது தாங்கும் வோல்ட் எல்லையைப் பாருங்கள். மலையில் இதுதான் முக்கியம். ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும்போது செட்டின் வோல்ட் 42க்கும் கீழே விழலாம். காலையில் முழுச் சார்ஜோடு நீண்ட இறக்கத்தில் இறங்கினால், மோட்டார் பிரேக் திருப்பி அனுப்பும் மின்சாரத்தால் 60ஐயும் தாண்டலாம். 60 வோல்ட்டோடு நிற்கும் கன்வேர்ட்டர் அந்த இடத்தில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். இறக்கத்து வளைவில், பனிக்குள், லைட் இல்லை. 48 வோல்ட் பக்கிக்கு 36 முதல் 72 வோல்ட் வரையோ அதைவிட அகலமாகவோ தாங்குவதை வாங்குங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாகப் பிரிந்த, ஐசொலேட்டட் வகை என்றால் இன்னும் நல்லது.

அளவு பார்ப்போம். எல்ஈடி ஹெட்லைட் இரண்டு 36 வொட், பின்லைட்டும் பிரேக் லைட்டும் 10, சிக்னல் 10, போன் சார்ஜர் 20, ஹோர்ன் அடிக்கும் நேரம் 60. மொத்தம் 136 வொட், அதாவது 12 வோல்ட்டில் பதினொரு அம்பியருக்குச் சற்று மேல். 20 அம்பியர் கன்வேர்ட்டர் போடுங்கள். முழு வேலை செய்தால்கூட 48 வோல்ட் பக்கம் அது ஆறு ஏழு அம்பியர்தான் இழுக்கும், 10 அம்பியர் பியூஸ் போதும். 36 வோல்ட் பக்கிக்கு 15.

அந்த பியூஸ் எது என்பது உயிர் போகிற விஷயம். காரில் போடும் பிளேட் பியூஸ் பொதுவாக 32 வோல்ட்டுக்கு உரியது. 48 வோல்ட்டில் ஷோர்ட் ஆனால் உள்ளே கம்பி உருகினாலும் பொறி அணையாமல் நின்று எரியலாம், ஏனெனில் நேர்மின்சாரம் வீட்டு மின்சாரம் போல இடைக்கிடை பூச்சியத்துக்கு வருவதில்லை. கூரையில் சோலார் பூட்டும் கடைகளில் 10க்கு 38 மில்லிமீற்றர் சோலார் பியூஸ் கிடைக்கும், 1000 வோல்ட் டிசிக்குச் செய்தது. எம்சி4 (சோலார் வயர்களைப் பூட்டும் இணைப்பு) ஹோல்டரோடு வாங்கினால் மழைத் தண்ணீரும் உள்ளே போகாது. பொசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் அதைப் போடுங்கள். பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்கு எந்தக் காவலும் இல்லை.

கன்வேர்ட்டருக்குப் பின்னால், 12 வோல்ட் பக்கம், சாதாரண பிளேட் பியூஸ் பெட்டியே போதும்: ஹெட்லைட்டுக்கு 5 அம்பியர், ஹோர்னுக்கு 10, போன் சார்ஜருக்கு 3.

வேலை தொடங்கும் முன் பக்கியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே சீட்டுக்குக் கீழ் உள்ள சுவிச்சை "டோ" (கட்டி இழுக்கும் நிலை) பக்கம் போடுங்கள். பல மாடல்களில் அதைப் போட்டதும் மோட்டார் பிடி விட்டுவிடும்; சரிவில் நின்றால் பக்கி உருளும். சார்ஜரைக் கழற்றி, சீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றோட விடுங்கள், சார்ஜான லெட் பெட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் நிற்கும். மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாம் கழற்றுங்கள். ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். முதலில் கழற்றுவது செட்டின் கடைசி நெகட்டிவ், கடைசியில் பூட்டுவதும் அதே. கழற்றிய பிறகு ஐந்து நிமிடம் பொறுங்கள், கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும். மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

காரில் போல பொடியை (வண்டியின் உலோக உடலை) நெகட்டிவாகப் பாவிக்காதீர்கள். பக்கியின் சேஸி எந்த முனையோடும் சேராமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு லைட்டுக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வயர் இழுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 7/0.67 வயர் இதற்கு ஆகாது. ஏழே கம்பி, தோட்டத்துக் கல்ரோட்டு அதிர்வில் ஒவ்வொன்றாக ஒடியும். பல இழை கொண்ட வாகன வயரில் 2.5 சதுர மில்லிமீற்றர் எடுங்கள். நாலு மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் ஓடினால் போகவர 0.6 வோல்ட் இழப்பு, 1.5இல் அது ஒரு வோல்ட்டைத் தொடும்.

மூட்டுகளை ஈயம் வைத்து ஒட்டுவதைவிட கிரிம்ப் செய்வதே (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைப்பதே) நல்லது. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்து, அது முடிகிற இடத்தில் வயர் ஒடியும். கிரிம்புக்கு மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போடுங்கள். கன்வேர்ட்டரை பெட்டரிக்கு நேர் மேலே வைக்காமல், அசிட் ஆவி படாத பக்கச் சுவரில், வயர் வாய் கீழே பார்க்கப் பூட்டுங்கள். வயர் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அதன் அடியில் சொட்டி விழும்.

சாவி திருப்பினால் மட்டும் கன்வேர்ட்டர் வேலை செய்ய வேண்டும். சும்மா நிற்கும்போது அது 30 மில்லி அம்பியர் எடுத்தால்கூட, இரண்டு வாரத்தில் 10 அம்பியர் மணி போய்விடும். சாவியோடு சேர்த்துக் கன்வேர்ட்டரை இயக்கும் தனி வயர் உள்ள மாடல் எடுப்பது சுலபம். அந்த வயர் 12 வோல்ட் கேட்கிறதா, முழு செட் வோல்ட்டைக் கேட்கிறதா என்று முதலில் வாசியுங்கள். கார் ரிலேயை 48 வோல்ட் பக்கம் போடாதீர்கள், அதன் முனைகள் பொறியில் ஒட்டிக்கொள்ளும்.

பூட்டி முடித்ததும் எல்லாவற்றையும் எரிய விட்டு ஹெட்லைட் முனையில் மீற்றர் வையுங்கள். கன்வேர்ட்டரில் 12.0, லைட்டில் 11.4க்குக் குறைவு என்றால் வயர் மெலிது, அல்லது ஏதோ ஒரு கிரிம்ப் சரியில்லை. பிறகு செட்டின் பொசிட்டிவுக்கும் சேஸிக்கும், நெகட்டிவுக்கும் சேஸிக்கும் இடையே அளந்து பாருங்கள். பூச்சியத்துக்கு இறங்காமல் வோல்ட் அசையாது நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. பெட்டரி மூடியில் படிந்த அசிட் ஈரமே பல தடவை காரணம்: மூடிகளை இறுக்கிக்கொண்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு மறுபடி அளவுங்கள்.