கார் பாலிஷர்: முதல் மெஷினைத் தேர்ந்தெடுப்பதும் கைக்குப் பழக்குவதும்

கருப்பு அல்லது கருநீல வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டில் விழும் சூரிய பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்கள் அவை. உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன; வெளிச்சம் பட்டுத் திரும்பும் விதத்தால்தான் வட்டமாகத் தோன்றுகின்றன.

பாலிஷர் இந்தக் கீறல்களை மூடுவதில்லை. சுற்றியுள்ள பரப்பைச் சீவி, கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவந்து மட்டப்படுத்துகிறது. மெஷின் வாங்குமுன் மனதில் பதியவேண்டிய விஷயம் இதுதான். இன்றைய பெரும்பாலான கார்களில் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே கண்ணாடி போல இருக்கும் கிளியர்கோட் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு சாதாரண ஏ4 தாளின் பாதித் தடிமன்கூட இருக்காது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது இந்த அடுக்கு. மிதமான பாலிஷ் ஒவ்வொரு முறையும் இதிலிருந்து ஓரிரண்டு மைக்ரானை எடுக்கும். பாலிஷைவிடக் கரடாக வெட்டும் திரவமான காம்பவுண்ட் இன்னும் கூடுதலாக எடுக்கும். எடுத்தது திரும்பி வராது. எனவே எல்லாக் கீறலையும் போக்கியே தீருவது என்று இறங்காதீர்கள். நகத்தால் வருடினால் தட்டுகிற கீறல் பாலிஷுக்குப் போகாத ஆழம், அதை விட்டுவிடுங்கள்.

எந்த மெஷின்?

சந்தையில் நான்கு வகை கிடைக்கும், நான்கும் 'பாலிஷர்' என்ற ஒரே பெயரில்.

ரோட்டரி, ஒரே அச்சில் ஒரே திசையில் சுழலும். நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை போகும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடாக்கும். ஒரு மடிப்பின் மேல் சில விநாடி கூடுதலாக நின்றால் கிளியர்கோட் போய்விடும். பழகாத கையில் பெயின்ட் முழுக்க ஒளிக்கோலம் போன்ற வரிகளையும் விட்டுப்போகும். தொழில் செய்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் மெஷினாக இது வேண்டாம்.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. பேட், அதாவது பெயின்ட்டில் படும் மெத்தை போன்ற வட்டு, தன்னைத் தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டப் பாதையிலும் ஆடும். சுழற்சி எதனுடனும் இறுகப் பிணைக்கப்படவில்லை. அதனால் அதிகம் அழுத்தினாலோ பேட்டைச் சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். அப்போது வேலை ஓடாது, ஆனால் பெயின்ட்டும் எளிதில் எரியாது. தொடங்குபவருக்கு ஏற்றது இதுதான்.

மூன்றாவது, கியர் மூலம் கட்டாயமாகச் சுழலும் டிஏ. அழுத்தினாலும் நிற்காது, வெட்டும் திறன் அதிகம், கை வலியும் அதிகம். இரண்டாவது மெஷினாக யோசிக்கலாம். நான்காவது, இரு கைப்பிடியும் பெரிய வட்டத் தலையும் துணி உறையும் கொண்ட மெழுகு பஃபர். வாக்ஸ் பூசவும் துடைக்கவும் மட்டுமே அதில் பலம் உண்டு. கீறலை அது தொடவே தொடாது. மலிவாக இருக்கிறதே என்று இதை வாங்கி ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சிறிய கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் ஓடும். பேட் பிய்த்துக்கொண்டு பறக்கும், பெயின்ட் நொடியில் கருகும்.

டிஏ வாங்கும்போது பெட்டியில் முதலில் பார்க்கவேண்டிய எண் 'த்ரோ', அதாவது ஆடும் வட்டத்தின் விட்டம். 8, 12, 15, 21 மி.மீ. என்று வரும். 21 மி.மீ. மெஷின் அகலமான பானெட்டிலும் கூரையிலும் வேகமாக வேலை முடிக்கும். வளைவுகளில் அடிக்கடி சுழற்சி நின்றுபோகும். 8 மி.மீ. வளைவுக்கு நல்லது, நேரம் கூடும். 125 மி.மீ. பேக்கிங் பிளேட்டுடன் (பேட்டை ஒட்டும் தட்டு) 12 அல்லது 15 மி.மீ. த்ரோ உள்ளது நடுவாந்திரமான, நீண்ட நாள் உதவும் தேர்வு.

வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயின்ட்டில் வைத்து அழுத்தியதும் வேகம் குறையாமல் தாங்குகிறதா என்பதே முக்கியம். அதற்கான மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மாடலாகத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மெல்ல ஆரம்பிக்கும் வசதி, நீளமான ஒயர், தனியே வாங்கி மாற்றக்கூடிய கார்பன் பிரஷ் (மோட்டாரில் தேயும் பாகம்), இவை இருக்கட்டும். எடை இரண்டரை கிலோவைத் தாண்டினால் கதவுப் பக்கம் வேலை செய்யும்போது தோள் சொல்லும். மெஷினின் உள்ளே உள்ள எதிர் எடை, உடன் வந்த பிளேட்டின் அளவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. வேறு அளவு பிளேட்டோ மிகக் கனமான பேட்டோ மாட்டினால் அதிர்வு கூடி விரல்கள் மரத்துப்போகும்.

பேட்டரி மாடலில் ஒயர் தொல்லை இல்லை. ஆனால் எடை கூடும், ஒரே பேட்டரியில் முழு வண்டியும் முடியாது. மின் இணைப்பு அருகில் இருந்தால் ஒயர் மெஷினே போதும்.

பேட்டும் திரவமும்

கீறலை எடுப்பதில் மெஷினைவிட இவற்றின் பங்கு பெரிது. பேட்டின் விட்டம் பிளேட்டைவிட ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. பெரிதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பிளேட்டின் கடின விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும். ஃபோம் பேட்டில் கடினமானது வெட்ட, நடுத்தரமானது பாலிஷுக்கு, மென்மையானது இறுதிப் பளபளப்புக்கு. நிறத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்: ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சு அல்ல. மைக்ரோஃபைபர் பேட் ஃபோமைவிட அதிகம் வெட்டும். பின்னால் லேசான மங்கலை விட்டுச்செல்லும்.

நடுத்தர பேட் நான்கு, மென்மையானது இரண்டு, கடினமானது இரண்டு வாங்குங்கள். இரண்டே பேட்டில் முழு வண்டியையும் முடிக்க நினைத்தால், பாதியில் பேட் திரவத்தைக் குடித்து ஊறி, சூடேறி, வெட்டுவதை நிறுத்திவிடும். திரவத்தில் ஒரு காம்பவுண்ட், ஒரு நடுத்தர பாலிஷ், ஒரு நுண் பாலிஷ் போதும். எண்ணெய்ப் பசையால் கீறலை நிரப்பி மறைக்கும் வகைகளும் விற்பனையில் உண்டு. நான்கு முறை கழுவியதும் கீறல் திரும்பி வந்து நிற்கும்.

வண்டியைத் தயார் செய்தல்

பெரும்பாலான புதுக் கீறல்கள் இந்தக் கட்டத்தில்தான் உருவாகின்றன. ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள், தாரையும் இரும்புத் துகளையும் அவற்றுக்கான திரவத்தால் கரையுங்கள், மறுபடி கழுவுங்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே தெரியும். சொரசொரப்பு இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. அதை வழுவழுப்புத் திரவம் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளேயை எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள்; அதில் ஒட்டிய மணல் போகாது.

நிழலில், பேனல் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வேலை. ரப்பர் பட்டை, கறுப்பு பிளாஸ்டிக், சின்னங்கள், பேனல்களின் கூரான விளிம்புகள், உடலின் மடிப்புக் கோடுகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. மேட் பெயின்ட், ஒட்டிய வினைல் ஆகியவற்றில் மெஷினே வைக்கக்கூடாது. செராமிக் கோட்டிங் போட்ட வண்டி என்றால் பாலிஷ் அதையும் சேர்த்து எடுத்துவிடும். புதிதாக அடித்த பெயின்ட் முழுதும் இறுக எத்தனை நாள் ஆகும் என்று அடித்தவரிடமே கேளுங்கள்.

கையில் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 80 மைக்ரானை ஒட்டி வந்தால் காம்பவுண்டை மறந்துவிடலாம். 200-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்த பேனலாக இருக்கும். அங்கே மேல் அடுக்கு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது, எனவே அங்கும் நிதானம்.

சோதனைச் சதுரம்

முழு வண்டிக்குப் போகுமுன் பானெட்டில் சமதளமான இடத்தில் 40-க்கு 40 செ.மீ. சதுரம் ஒன்றை டேப்பால் கட்டுங்கள். மென்மையான பேட்டும் நுண் பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். துடைத்துப் பார்த்துக் கீறல் போதுமான அளவு மறையவில்லையென்றால் நடுத்தர பேட், நடுத்தர பாலிஷ். அதற்கும் மசியாவிட்டால்தான் கடின பேட்டும் காம்பவுண்டும். பெயின்ட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வண்டியில் பலித்த ஜோடி உங்கள் வண்டியில் பலிக்கவேண்டும் என்பதில்லை. எந்த ஜோடி போதுமோ அதையே வைத்து, முழு வண்டியையும் இதே அளவுச் சதுரம் சதுரமாக முடியுங்கள்.

ஓட்டும் முறை

பேட்டைப் பிளேட்டின் நடுவில் சரியாக ஒட்டுங்கள். ஓரம் தள்ளிப் போனால் மெஷின் குதிக்கும். பேட் ஒட்டும்போது ஒயர் பிளக்கில் இருக்கக்கூடாது. பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுழல்கிறது என்று அர்த்தம்.

முதல் முறை பேட்டின் முகம் முழுக்க திரவத்தை மெல்லியதாகத் தேய்த்து ஈரப்படுத்துங்கள். அதன் மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. அடுத்தடுத்த சதுரங்களுக்கு மூன்று போதும். மெஷினை அணைத்த நிலையிலேயே சதுரத்தில் அங்கங்கே ஒற்றி வைத்து, பேட் பெயின்ட்டில் பட்டிருக்கும்போது வேகத் திருகின் 1-ஆம் எண்ணில் ஆரம்பித்துப் பரப்புங்கள். காற்றில் வைத்து ஆரம்பித்தால் திரவம் சுவரிலும் கண்ணாடியிலும் தெறிக்கும்.

பரவியதும் 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். விநாடிக்கு 3 முதல் 5 செ.மீ. என்ற வேகத்தில் நகருங்கள். சதுரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறக்குறைய பத்து விநாடி ஆகவேண்டும். தொடங்குபவர்கள் எல்லோரும் இதைவிட வேகமாகத்தான் ஓட்டுவார்கள். கீறல் போகாததற்கு முதல் காரணமும் அதுவே. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை என்று நான்கு முதல் ஆறு முறை. அழுத்தம் நான்கு, ஐந்து கிலோ. அது எவ்வளவு என்று தெரிய, நிறுத்திய மெஷினை எடை பார்க்கும் மெஷின் மேல் வைத்து அழுத்திப் பார்த்துக் கையில் பதியவைத்துக்கொள்ளுங்கள். கடைசி முறை அழுத்தத்தை விட்டு, மெஷினின் சொந்த எடையில் மட்டும் ஓட்டுங்கள். பேட் பெயின்ட்டின் மேல் இருக்கும்போதே அணைத்து, நின்றபின் தூக்குங்கள்.

ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், பெயின்ட்டில் உரசாது. ஈரத் தரையில் நிற்கவேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் தேவை. தொங்கும் துணி கூடாது.

துடைப்பதற்கு, தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் எடுங்கள். எண்ணெய்ப் பசை போனால்தான் உண்மை தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அறை விளக்கு கீறலை மறைக்கும்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைப் பிரஷால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஒன்றிரண்டு பேனலுக்கு ஒரு பேட் மாற்றுங்கள். இதைத் தவிர்த்தால் பழைய கசடும் எடுத்த பெயின்ட் தூளும் கட்டியாகி அவையே கீறும்.

எங்கே கோளாறு?

திரவம் சீக்கிரம் காய்ந்து வெள்ளைத் தூள் பறக்கிறதா? பேனல் சூடு, அல்லது சதுரம் பெரிது, அல்லது பேட் அழுக்கு. எல்லா இடமும் லேசாக மங்கியிருந்தால் அது காம்பவுண்ட் விட்ட நுண்கீறல். மென்மையான பேட்டும் நுண் பாலிஷும் எடுத்துவிடும். மார்க்கர் கோடு நின்றுபோனால் பேட் சாய்ந்திருக்கிறது அல்லது அழுத்தம் மிஞ்சிவிட்டது. பேட்டின் நடுப்பகுதி அதிகச் சூடாகி வெல்க்ரோவின் பசை இளகுவது உண்டு, ஒரே பேட்டை ஓயாமல் ஓட்டினால் இது நடக்கும். பேனலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை; வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அதனால் அங்கே இரும்புப் பேனலைவிட விரைவில் சேதம் வரும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைப் பாதியாக்குங்கள்.

பேட்டில் வண்டியின் நிறம் ஒட்டுவது ஒரு எச்சரிக்கை. கிளியர்கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் அது இயல்பு. கிளியர்கோட் உள்ள வண்டியில் நிறம் வந்தால் அந்த அடுக்கு தீர்ந்துவிட்டது. உடனே கையை எடுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு மறுபெயின்ட் ஒன்றே வழி.

முதல் வண்டியை முழுமையாக முடிக்க ஒரு நாள் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டைப் பாதுகாக்க கடைசியில் வாக்ஸோ சீலன்டோ மென்மையான பேட்டில் மெல்லியதாக, 2-ஆம் வேகத்தில் பூசுங்கள். பேட்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் கொண்டு அன்றே கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, தூசி படாத மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ஃபோம் நைந்துபோகும்.