அகெருவா, குரெருவா? தா, கொடு வழியே ஒரு வழி

ஜப்பானிய மொழியின் ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுக்கும் ஆங்கில அகராதி ‘give’ என்று ஒரே பொருளைத்தான் போடும். ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேரே போங்கள், பாதி வேலை முடிந்துவிடும். தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருக்கிறது. இன்று ‘எனக்குக் கொடு’ என்றும் பேசுகிறோம்தான். ஆனாலும் ‘எனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்பதிலுள்ள திசை நம் காதுக்குப் பழக்கம். ஜப்பானிய மொழியில் அந்தத் திசை கட்டாயம்.

பொருள் என் பக்கம் வந்தால் குரெரு. என்னிடமிருந்து வெளியே போனாலும், வேறு இருவருக்குள் கைமாறினாலும் அகெரு. ‘தொமோதாச்சி க ஹொன் ஒ குரெத்தா’ என்றால் நண்பன் எனக்குப் புத்தகம் தந்தான். அதில் ‘எனக்கு’ என்ற சொல்லே இல்லை, வினையே சொல்லிவிடுகிறது. இங்கே ‘அகெத்தா’ போட்டால் வேறு யாருக்கோ கொடுத்ததாகிவிடும். ‘வத்தாஷி நி’ (எனக்கு) சேர்த்து ‘அகெத்தா’ என்றால் வாக்கியமே பிழை.

என் பக்கம் என்பதில் வீட்டாரும் அடக்கம். என் தங்கைக்குத் தனாகா கொடுத்தால், ‘தனாகா-சான் க இமோத்தோ நி ஹொன் ஒ குரெத்தா.’ அதே தங்கைக்கு நானே கொடுத்தால் ‘அகெத்தா’.

தமிழ் பேசுகிறவர்கள் சறுக்குவது முன்னிலையில்தான். ‘உனக்கு நான் தரேன்’ என்று நம் ‘தா’ கேட்பவர் வரைக்கும் நீளும். குரெரு நீளாது, அங்கே அகெருதான். ‘வா’விலும் இதே சிக்கல். அடுத்த அறையிலிருந்து யாராவது கூப்பிட்டால் ‘இதோ வரேன்’ என்போம். ஜப்பானியர் ‘இமா இக்கிமஸ்’, அதாவது ‘இப்போது போகிறேன்’ என்பார்கள். வருவதைக் குறிக்கும் ‘குரு’ பேசுபவர் இருக்கும் இடத்தை ஒட்டியது. நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கே நாளைக்கும் வருவதானால் ‘அஷித்தா மோ கொக்கோ நி கிமஸ்’ சரி. (கியூஷூ வட்டார வழக்கில் நம்மைப் போலவே கேட்பவரிடம் போவதற்கும் ‘குரு’ சொல்வதுண்டு. பாடம் படிக்கும்போது அதைப் பின்பற்ற வேண்டாம்.)

உதவியைச் சொல்லும்போது இன்னொரு கண்ணி. ‘நண்பர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்’ என்பதிலுள்ள ‘கொடு’வைப் பார்த்து அகெருவுக்குப் போய்விடாதீர்கள், ‘ஒஷியெத்தே குரெத்தா’தான். ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தால் மரியாதை வடிவம்: ‘ஒஷியெத்தே குதாசாய்மஷித்தா’. ஆசிரியரின் பையைத் தூக்க முன்வரும்போது ‘மொத்தே அகெமாஷோ க’ என்று கேட்டால் இலக்கணம் சரி, ஆனால் உபகாரம் செய்கிற தொனி வந்துவிடும். ‘ஒமொச்சி ஷிமாஷோ க’ என்று கேளுங்கள்.