மார்பக மறுசீரமைப்பில் எந்த முறை: முடிவெடுக்கும் வரிசை

மார்பகத்தை அகற்றிய பின் மீண்டும் உருவாக்கிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது, தமக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுமா என்பதைத்தான். கதிர்வீச்சு பட்ட தோல் நெகிழ்வை இழப்பதோடு, மார்புக்குள் வைக்கும் சிலிகான் பையான இம்பிளாண்டைச் சுற்றி இயல்பாக உருவாகும் தழும்புத் திசுவும் கெட்டிப்பட்டு, மார்பு இறுகி வலிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகையவர்களுக்கு, உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்து வைக்கும் சொந்தத் திசுவே பெரும்பாலும் நல்ல தேர்வு. அறுவைக்குப் பிந்தைய பயாப்சி அறிக்கை வந்தால்தான் கதிர்வீச்சு பற்றித் தெரியும் என்றால், மறுசீரமைப்பைத் தள்ளிப்போடலாம். ஆண்டுகள் கழித்தும் அதைச் செய்ய முடியும். எனினும், அகற்றும் அறுவைக்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனைச் சந்தித்துவிடுவது நல்லது.

இம்பிளாண்ட் முறையில் அறுவை சிறியது, உடலின் வேறு பகுதியில் காயமில்லை. பலருக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்னும் பை வைக்கப்படும். தோலுக்கடியில் உள்ள அதன் ஊசித்துளையைக் காந்தத்தால் கண்டுபிடித்து, சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் மார்பு இறுக்கமாக இருக்கும். பிறகு இரண்டாம் அறுவையில் நிரந்தர இம்பிளாண்ட் வரும். 'நிரந்தரம்' என்றாலும் அது ஆயுள் முழுவதற்குமானதன்று. சிலிகான் இம்பிளாண்ட் உள்ளே கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, அறிகுறி இல்லாவிட்டாலும் 5–6 ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு 2–3 ஆண்டுகளுக்கொரு முறையும் ஸ்கேன் செய்துகொள்ள அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்துகிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில இம்பிளாண்டுகள் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்று 2019இல் திரும்பப் பெறப்பட்டதால், மேற்பரப்பு எவ்வகை என்று கேட்டறியுங்கள்.

சொந்தத் திசு முறைகளில் 'டீப் ஃபிளாப்' அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, தசையை விட்டுவைத்து, நுண்ணோக்கியின் கீழ் மார்பின் ரத்தக்குழாயோடு இணைப்பது. பல மணி நேர அறுவை; முதல் சில நாட்கள் திசுவின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி சோதிப்பார்கள், சிலருக்குத் திசு பிழைக்காமலும் போகலாம். வயிற்றுத் தசையையும் எடுக்கும் 'டிராம்' முறையில் பின்னாளில் குடலிறக்கத்துக்கான வாய்ப்பு அதிகம். சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை. வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாதவர்களுக்கு முதுகுத் தசை பயன்படும். புகைப்பழக்கம் இருந்தால் எம்முறையிலும் காயம் ஆறுவது சிக்கலாகும்.

எம்முறையிலும் தொடு உணர்வு முழுமையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மறுசீரமைப்பே வேண்டாம் என்று முடிவெடுத்து, பிராவுக்குள் செயற்கை மார்பகம் வைத்துக்கொள்வதும், அதுவுமின்றி இருப்பதும் தாழ்ந்த தேர்வுகள் அல்ல. சர்ஜன் காட்டும் படங்களில், அறுவை முடிந்து சில ஆண்டுகள் ஆனவற்றையே கேட்டுப் பாருங்கள். ஆறு மாதப் படம் அதிகம் சொல்லாது.

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் அழகு சிகிச்சை விலக்கு, புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்குப் பொருந்தாது. ஆகவே இரண்டாம் கட்ட அறுவையையும் முலைக்காம்பு உருவாக்கத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டு, முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.