ஒரே நீலச் சட்டை, மூன்று இடம்

கடும் நீலப் பருத்திச் சட்டை, முழங்காலுக்குக் கீழே நீளம், பூவேலை இல்லை. கந்தோருக்கு மண்ணிற பெல்ட்டும் சின்ன வெள்ளித் தோடும் போதும்.

திருகோணமலை கோணேசர் கோயிலில்தான் சிக்கல். கோயில் இருக்கும் சுவாமி மலைக் காற்று ஷோலைப் பிடுங்க, ஊக்குக் குத்திய இடம் கிழிந்தது. ஷிபோன் அங்கே சரிவராது. 2¼ மீற்றர் கைத்தறி ஷோலுக்கு மாறினேன், கடுகு மஞ்சள். தோளில் 4 மடிப்பு. சட்டையின் உட்பக்கம் 1 அங்குலத் துணித்துண்டு வைத்து, அதையும் சேர்த்து ஊக்குக் குத்த வேண்டும். இழுவையைத் துண்டு தாங்கும், சட்டை தப்பும்.

கலியாண வீட்டுக்கு மெரூன் பட்டு ஷோல், பொன்னிற ஜிமிக்கி. ஜிமிக்கி பெரிதென்றால் சங்கிலி வேண்டவே வேண்டாம். ஷோலை முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் கழுத்திலும் ஒட்டும்.

கவரிங் நகை உப்புக்காற்றில் கறுக்கும். பின்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சு 2 தடவை, இடையில் 20 நிமிடம் காயவிட்டு. பூச்சு நகையின் கல்லில் பட்டால் கல் மங்கிவிடும். பூச்சு உரிந்ததும் திரும்பப் பூச வேண்டியதுதான்.