இடுப்பு மூட்டு ஆபரேஷன்: வலி விஷயத்தில் எங்கே தப்பு நடக்கிறது?

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பலருக்கும் முதுகில்தான் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், வலி தெரியாது. தப்பெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முன்னால் நடப்பது, சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு முதுகில் ஊசி போட்டால், தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிக் கால் செயலிழக்கலாம். அரிதுதான், ஆனால் விளைவு கொடுமையானது. அதனால்தான் அத்தகைய மருந்துகளில் குளோபிடோகிரலை 5 முதல் 7 நாள் முன்பும், அபிக்சபானைச் சுமார் 3 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) இருந்தால் அது அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பெரிய தப்பு, வலி வரட்டும் என்று காத்திருப்பது. ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம் காலில் ஒன்றும் தெரியாது. நர்ஸ் மாத்திரை நீட்டினால், "இப்பதான் வலியே இல்லையே" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்புறம் கால் கட்டைவிரல் அசையும், தொடை குறுகுறுக்கும், அரை மணியில் திரும்பிப் படுக்க முடியாது. ஏறிவிட்ட வலியை இறக்கக் கூடுதல் மருந்து வேண்டும். மரப்பு விலகும் முன்பே பாரசிட்டமால் போன்றவற்றைத் தொடங்கி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக் கணக்குப்படி எடுப்பதே நல்லது. ஆனால் பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. டிராமடோல் என்ற வலி மருந்து கலந்த சில மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள்.

தொடைப் பக்கம் நரம்பு ஊசி போட்டால் வலியே இருக்காது என்று நம்புவதும் சரியல்ல. இடுப்பு மூட்டுக்குப் பல நரம்புகள் வருகின்றன. ஒரே ஊசி எல்லாவற்றையும் மரக்கச் செய்யாது. மிச்ச வலி இருந்தால் ஊசி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சில ஊசிகள் தொடைத் தசையையும் தளர்த்திவிடும். வலி இல்லையே என்று ராத்திரி தனியாகப் பாத்ரூம் போக எழுந்தால் முழங்கால் மடங்கி விழ நேரிடும். துணைக்கு ஆள் கூப்பிடுவதில் வெட்கம் வேண்டாம்.

முதுகு ஊசியில் மார்ஃபின் என்ற வீரியமான வலி மருந்தைச் சேர்த்திருந்தால் அரிப்பும் சிறுநீர் அடைப்பும் வரலாம். மூச்சு மந்தமாவதும் உண்டு என்பதால், வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு திடீரென்று கடுமையாக வலித்து, கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.